பழைய பிரெஞ்சு சிவப்பு ஒயின் ஐந்து பாட்டில், ஆறு பேர் விருந்து: எப்போது திறப்பது, டிகாண்டரில் ஊற்றலாமா?

கரோன்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தூலூஸில் 9 வருடமாக இருக்கிறேன். ஒயின் பழகியதும் இங்கேதான், ஆனால் கடையில் வாங்கி அந்த வாரமே குடித்துவிடுகிற ரகம் மட்டும்தான் எனக்குத் தெரியும், பழைய ஒயினைத் தொட்டதே இல்லை.

என்னோடு வேலை செய்கிற பிரெஞ்சு நண்பரின் அப்பா இரண்டு வருடம் முன்பு காலமானார். ஜெர்ஸ் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு, இப்போது அதை விற்கிறார்கள். வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறையில் அவர் சேர்த்து வைத்திருந்ததைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள், தன் பங்குக்கு வந்ததில் ஐந்து பாட்டிலை ஒரே இரவில், நெருங்கினவர்களோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. மொத்தம் ஆறு பேர். விருந்து எங்கள் வீட்டில், சமையல் நான்.

இருப்பவை இவை: பர்கண்டியில் வோல்னே 1999, போர்தோவில் மூன்று, சான் எமிலியோன் 1998, போயாக் 1996, மெதோக் 1988 (எண்கள் திராட்சை அறுத்த வருடம்), அப்புறம் அவர் ஊர்ப்பக்கத்து மாதிரான் 1995. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் நூலில் கட்டிய சின்ன அட்டை இருக்கிறது, வாங்கிய வருடமும் எப்போது திறக்கலாம் என்று அவர் நினைத்த வருடமும் பென்சிலில். 1988இன் அட்டையில் 2003 என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது, இருபது வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டு வைத்ததை நான் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடக் கூடாதே என்று.

விருந்துக்கு இன்னும் 12 நாள். பாட்டில்கள் இன்னும் கிராமத்தில்தான் இருக்கின்றன. எப்போது எடுத்து வருவது, எவ்வளவு நேரம் முன்பு திறப்பது, டிகாண்டரில், அதாவது வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றலாமா கூடாதா, எதற்குப் பிறகு எது? 1988 பாட்டிலில் ஒயின் மட்டம் கழுத்தில் இல்லை, தோளுக்கு இறங்கியிருக்கிறது, அது போய்விட்டதா? ஆட்டுக்கறி மிளகாய் வறுவல் செய்யலாம் என்று நினைத்தேன், சரிவருமா?

வில்லியனூரான்:

தம்பி, முதல் வேலையாக இந்த வார இறுதியிலேயே பாட்டில்களை எடுத்து வந்துவிடுங்கள். காரில் வந்த குலுக்கலில் அடியில் இருக்கிற மண்டி முழுக்கக் கலங்கிவிடும், அது மறுபடி படிய நாள் ஆகும், வோல்னேயில் இருக்கும் மண்டி மாவு மாதிரி நைசாக இருக்கும் என்பதால் அதற்குத்தான் அதிக நாள். கொண்டுவந்து குளிர்ச்சியான இருட்டு மூலையில் நிற்க வையுங்கள். படுக்க வைக்காதீர்கள், நிற்க வேண்டும். விருந்து வரை அதைத் தொடவே கூடாது, தூக்கிப் பார்க்கக் கூடாது, வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டக் கூடாது.

நான் போர்தோவுக்கு வந்து 31 வருடம் ஆகிறது, இங்கே அண்டை வீட்டுக்காரர்கள் நிலவறைகளில் நிறையப் பழைய பாட்டில் திறப்பதைப் பார்த்திருக்கிறேன், நானும் கொஞ்சம் திறந்திருக்கிறேன். ஒயின் கெட்டுப்போவதை விட, அவசரத்தில் கலக்கி ஊற்றி வீணாக்கியதைத்தான் அதிகம் பார்த்தேன்.

கார்க் பற்றி. 25 வருடத்துக்கு மேல் ஆன கார்க் நடுவில் ஈரமாக, மேல் பக்கம் உலர்ந்து, விரலில் அழுத்தினால் பிட்டு மாதிரி உதிரும். சாதாரணத் திருகை இறக்கி ஒரே மூச்சில் இழுத்தால் பாதி கையோடு வரும், பாதி உள்ளே நிற்கும். இரண்டு மெல்லிய தகடு உள்ள திறப்பான் ஒன்று கிடைக்கும், பிரெஞ்சில் பிலாம் என்பார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே விட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஆட்டி இறக்கி, பிறகு திருகிக்கொண்டே மெல்ல மேலே இழுக்க வேண்டும். விருந்துக்கு முன் சாதாரண பாட்டில் இரண்டில் பழகிப் பாருங்கள். 1988இன் மூடித்தகடு ஈயமாக இருக்கும், 1990களின் தொடக்கம் வரை ஈயம்தான், அதை விளிம்புக்குக் கீழே வெட்டி முழுதாக எடுத்துவிட்டு பாட்டில் வாயை ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

மட்டம் தோளுக்கு இறங்கியிருப்பது இந்த வயதில் பெரிய அதிசயம் இல்லை. தோளின் மேல்பகுதி என்றால் நம்பிக்கையோடு திறக்கலாம். தோளுக்கும் கீழே என்றால்தான் காற்று நிறைய உள்ளே போயிருக்கும்.

வருடங்களைப் பொறுத்தவரை நண்பரின் அப்பா விவரம் தெரிந்து வாங்கியிருக்கிறார். 1996இல் மெதோக்கில் காபெர்னே சோவின்யோன் மிக நன்றாகப் பழுத்தது, போயாக்கில் அந்தத் திராட்சைதான் பிரதானம். 1998 அப்படியே தலைகீழ்: ஆற்றின் வலக்கரையில், அதாவது சான் எமிலியோனிலும் பொமெரோலிலும், சீக்கிரம் பழுக்கிற மெர்லோ திராட்சை மழைக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தது, இடக்கரையில், அதாவது மெதோக் பக்கம், காபெர்னே நனைந்தது. ஒவ்வொரு வருடத்துக்கும் சரியான கரையைப் பார்த்து வாங்கியிருக்கிறார் மனிதர். வோல்னேக்கு 1999 அருமையான வருடம். 1988 மட்டும் ஆரம்பத்தில் முறுக்கிக்கொண்டு நின்ற வருடம், நிறைய துவர்ப்பு, வருடக்கணக்கில் காத்திருக்க வைத்தது.

திறக்கிற நேரத்தில் என் அனுபவம்: போர்தோ மூன்றையும் மாதிரானையும் 2 மணி நேரம் முன்பு டிகாண்டரில் ஊற்றுங்கள். வோல்னேயை அப்படியே பாட்டிலிலிருந்து.

யாழ்_பரி:

வில்லியனூர் ஐயா சொன்ன எல்லாவற்றுக்கும் என் வாக்கு, கடைசி வரிக்கு மட்டும் இல்லை. தம்பி, 1988ஐ 2 மணி நேரம் முன்பு டிகாண்டரில் ஊற்றாதேயுங்கோ. தயவுசெய்து.

நான் பரிசில் உணவகங்களில் 22 வருடம் வேலை செய்தவன், கோப்பை கழுவுவதில் தொடங்கிக் கடைசி 8 வருடம் ஒயின் பரிமாறுகிற இடத்துக்கு வந்தேன். பழைய போத்தல் ஒன்றை வாடிக்கையாளர் வரும் முன்பே டிகாண்டரில் ஊற்றி வைத்து, அவர்கள் ஒரு மணி நேரம் பிந்தி வந்தபோது அதில் வாசனை என்று ஒன்றுமே மிஞ்சாமல் புளித்தண்ணி மாதிரிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கு.

இதில் பிரான்சிலேயே இரண்டு கட்சி இருக்கு. போர்தோவில் படிப்பித்த எமில் பேனோ, நவீன ஒயின் அறிவியலின் பெரிய ஆசான்களில் ஒருவர், மண்டி உள்ள ஒயினை மட்டும் டிகாண்டரில் ஊற்று, அதையும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் ஊற்று என்று சொன்னவர். காற்று தேவைப்பட்டால் கிளாஸிலேயே கிடைக்கும், ஆனால் போன வாசனையைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது என்பதுதான் அதன் நியாயம். மற்றப் பக்கம் பிரான்சுவா ஓதூஸ், மிகப் பழைய ஒயின்களைத் திறப்பதற்கே பேர் போன சேகரிப்பாளர், அவர் டிகாண்டர் பக்கமே போகமாட்டார், 4, 5 மணி நேரம் முன்பே கார்க்கை எடுத்துவிட்டுப் போத்தலை அப்படியே நிற்க விடுவார். கழுத்தளவு பரப்பில் மட்டும் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல ஒயின் எழும்பும் என்பது அவர் முறை. நான் இரண்டையும் செய்து பார்த்தவன். முப்பது வயது கடந்த ஒயினுக்கு ஓதூஸ் சொல்வதுதான் எனக்குப் பிடித்தது, திறந்தவுடனே கெட்ட வாசனை வந்தாலும் அரைவாசிப் போத்தல்கள் இரவுக்குள் தெளிந்து வரும்.

உங்கட ஐந்துக்கும் நான் செய்வது இப்படி. 1988ஐ மாலை 4 மணிக்குத் திறந்து, ஒரு சொட்டு மூக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தொடாமல் விடுங்கோ. போயாக், சான் எமிலியோன் இரண்டையும் மேசைக்கு வர அரை மணி நேரம் முன்பு டிகாண்டரில் ஊற்றலாம். மாதிரான் தனாத் திராட்சை, அது இரும்பு, அதற்கு மட்டும் 2 மணி நேரம் கொடுங்கோ. பரிமாறும் வரிசை: வோல்னே, சான் எமிலியோன், 1988, போயாக், கடைசியில் மாதிரான். மெல்லியதிலிருந்து தடித்ததுக்கு. மாதிரானை முதலில் குடித்தால் பிறகு வோல்னே தண்ணியாகத்தான் தெரியும்.

மிளகாய் வறுவல் வேண்டாம். மிளகாய் எரிவில் ஒயினின் துவர்ப்பும் சாராயச் சூடும் தான் மேலே வரும், முப்பது வருட வாசனை கீழே போய்விடும். வினிகர் ஊற்றின சலாடும் வேண்டாம். ஆட்டுத் தொடையை உப்பு, பூண்டு, தைம் போட்டு மெல்ல வேகவைத்து எடுங்கோ, போயாக் ஊரில் ஒயினோடு ஆட்டுக்குட்டியும் பேர் போனது. வோல்னேயோடு காளான். பிறகு சீஸ் என்றால் கோந்தே, பழுத்த மிமோலெத், இவ்வளவு போதும். நீலப்பூஞ்சை சீஸ் பழைய சிவப்பு ஒயினைக் கசக்க வைக்கும்.

மீனா_லியோன்:

இந்த மண்டி ஏன் வருகிறது என்று தெரிந்தால் பயம் குறையும் என்பதால் எழுதுகிறேன், நான் உணவு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இளம் சிவப்பு ஒயினில் துவர்ப்பு தரும் டானினும் நிறம் தரும் பொருள்களும் கரைந்து இருக்கும். வருடம் போகப் போக இவை ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகிக் கனம் தாங்காமல் அடியில் இறங்கும். அதனால்தான் பழைய ஒயின் வெளிறி, ஓரத்தில் செங்கல் நிறம் கொண்டு, நாக்கில் மெத்தென்று இருக்கிறது. அடியில் படிந்தது உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பல்லில் நறநறக்கும், கசக்கும். வெண்ணெய் உருக்கினால் கசண்டை விட்டுவிட்டு நெய்யை மட்டும் சாய்த்து எடுப்போமே, அதே கைப்பக்குவம்தான். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் கைபேசி விளக்கை வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றி, கழுத்தில் புகை மாதிரிக் கலங்கல் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இடையில் நிமிர்த்தினால் எல்லாம் போச்சு.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. கார்க் பழுது. ஈர அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த அறை நாற்றம், டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு பொருள் கார்க்கிலிருந்து இறங்குவதால் வருவது, ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பிரெஞ்சில் பூஷோனே. அது எந்த வீட்டு ஒயினுக்கும் எந்த விலை ஒயினுக்கும் வரலாம். வித்தியாசம் எப்படித் தெரியும் என்றால், வெறும் அடைசல் வாசனை காற்றுப் பட்டால் குறையும், கார்க் பழுது நேரம் ஆக ஆக இன்னும் தெளிவாகும். ஆகவே ஆறாவதாக ஒரு பாட்டில் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூரான்:

யாழ் தம்பி சொல்வது சரி, 1988 விஷயத்தில் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். 1996க்கு அரை மணி நேரம் போதாது என்பதில் இன்னும் நிற்கிறேன், போயாக் காபெர்னே அவ்வளவு சீக்கிரம் வாய் திறக்காது.

லேபிளைப் பார்த்து யாரையும் முன்கூட்டியே ராஜாவாக்க வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களுக்குப் போட்ட தரவரிசை இன்னும் அப்படியே பாட்டிலில் அச்சாகிறது, முதல் வரிசைக்குள் ஏறிய ஒரே மாற்றம் 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற போயாக் ஒயின். அதில் இல்லாத ஒயின்கள், சோசியாந்தோ மாலே போன்றவை, 30 வருடம் கம்பீரமாக நிற்கின்றன. மாதிரானுக்கு இந்த மாதிரி வரிசையே கிடையாது. நண்பரின் அப்பா அதைப் போயாக்கோடு சேர்த்து வைத்தார் என்றால் காரணம் இருக்கும்.

கரோன்கரை:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். விருந்து நேற்று முடிந்தது, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாட்டில்கள் பத்து நாள் படுக்கையறை மூலையில் போர்வை போர்த்தி நின்றன, குழந்தை பக்கத்தில் போகாமல் இருக்க நாற்காலி போட்டு மறித்திருந்தோம். பிலாம் வாங்கிப் பழகினேன். நேற்று மாலை 4 மணிக்கு 1988ஐத் திறந்தேன். கார்க் முழுதாக வரவில்லை, அடிப்பக்கம் ஒரு நகத்தளவு உடைந்து உள்ளே விழுந்தது, மெல்லிய துணியில் வடிகட்டலாம் என்று நினைத்துப் பிறகு விட்டுவிட்டேன், அது பாட்டுக்கு மிதந்துகொண்டு இருந்தது. மூக்கில் பிடித்தால் நனைந்த சாக்கு வாசனை. நண்பரிடம் எதுவும் சொல்லவில்லை, சமையலைப் பார்க்கப் போய்விட்டேன்.

முதலில் வோல்னே. பாட்டிலிலிருந்தே ஊற்றினோம், ஆளுக்கு 50 மில்லி மாதிரி, 750இல் மண்டி போக மிச்சம் இரண்டாம் சுற்றுக்கு. நிறத்தைப் பார்த்து என் மனைவி இது ரோஜா சர்பத் மாதிரி இருக்கிறதே என்றாள், அவ்வளவு வெளிறல். ஆனால் வாசனை அறையைத் தாண்டிப் போனது. வாடின ரோஜா, மழை பெய்து ஓய்ந்த தோப்பில் சருகை விலக்கினால் வருமே அந்த மண் வாசனை, கொஞ்சம் காளான். காளான் வதக்கலோடு வைத்ததும் எது தட்டிலிருந்து வருகிறது எது கிளாஸிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. வோல்னேயின் திராட்சை பினோ நுவார், கடையில் வாங்கிக் குடித்த எந்தப் பினோ நுவாரும் எனக்கு இதைக் காட்டியதில்லை.

சான் எமிலியோன் கார்க் பழுது. மீனா, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் பழைய ஒயின் இப்படித்தான் இருக்கும்போல என்று மரியாதைக்காகக் குடித்திருப்போம். முதலில் லேசாக ஈர அட்டை, இருபது நிமிடத்தில் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. நண்பர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பாட்டிலின் அட்டையை மட்டும் அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அடுத்ததை எடுத்து வந்தேன்.

அடுத்தது 1988. யாழ் அண்ணா, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது! சாக்கு வாசனை காணாமலே போயிருந்தது. காய்ந்த அத்திப்பழம், சுருட்டுப்பெட்டி, பழைய தோல்பை, எல்லாம் மெல்லிய குரலில். வாயில் துவர்ப்பு என்றே சொல்ல முடியாது, தொண்டைக்கு இறங்கிய பிறகும் கொஞ்சம் நின்றது. அது 40 நிமிடம் போல இருந்தது. யாரோ சிறிது மிச்சம் வைத்திருந்ததைப் பிறகு எடுத்துப் பார்த்தால் புளிப்பு மட்டும்தான். டிகாண்டரில் ஊற்றியிருந்தால் அந்த 40 நிமிடம் நாங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்பே கழிந்திருக்கும்.

போயாக்கை வில்லியனூர் ஐயா பேச்சைக் கேட்டு ஒன்றேகால் மணி நேரம் முன்பு டிகாண்டரில் ஊற்றினேன், ஊற்றும்போது மனைவி விளக்குப் பிடித்தாள், கழுத்தில் புகை மாதிரி வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் போதும் என்றோம். ஒன்றேகால் மணி நேரமும் போதவில்லை. முதல் வாயில் கறுப்புத் திராட்சைச் சாறும் துவர்ப்பும் மட்டும், இன்னும் இளமையாகவே இருந்தது. ஆட்டுத்தொடை முடிந்து சீஸ் வந்த நேரத்தில்தான் திறந்தது: பென்சில் சீவினால் வருகிற வாசனை, தேவதாரு மரம், அதற்கு உள்ளே கறுப்புப் பழம். எனக்கு அந்த இரவின் ஒயின் இதுதான்.

மேசையில் மற்ற ஐந்து பேருக்கும் ஆனால் மாதிரான்தான். உண்மையில் நான் அதிகம் எதிர்பார்க்காதது. நிறம் இன்னும் மையிருட்டு, 1995 என்று யாரும் நம்பமாட்டார்கள். வாழைப்பூத் துவர்ப்பு கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதோடு உலர்ந்த பிளம், வறுத்த காப்பிக்கொட்டை, மிளகு. நண்பர் குடித்துவிட்டுச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா மேசையில் இதேதான் இருக்கும், சின்ன வயதில் தண்ணீர் கலந்து ஒரு வாய் தருவார், அந்த வாசனை அப்படியே இருக்கிறது என்று. அவருக்குக் கண் கலங்கியது. வாத்து வாட்டிய கொழுப்பில் உருளைக்கிழங்கு வறுத்திருந்தேன், கடைசிக் கிண்ணம் வரை அதோடு போனது.

மாதிரான் 1995 இன்னும் மூன்று பாட்டில் அவரிடம் இருக்கிறது. கிராமத்து நிலவறை இந்த மாதத்தோடு கைமாறிவிடும், தூலூஸில் கோடையில் எங்கள் வீட்டில் 30 டிகிரி தாண்டும். இதை எங்கே வைப்பது?

யாழ்_பரி:

கேட்கவே சந்தோசமாக இருக்கு தம்பி. அந்த மூன்றையும் ஒரு கோடை கூட வீட்டுக்குள்ளே வைக்காதேயுங்கோ. 12, 13 டிகிரியில் நிற்கிற சின்ன ஒயின் அலுமாரி வாங்குவது, இல்லாவிட்டால் நிலவறை உள்ள யாரிடமாவது ஒரு மூலை கேட்பது, இரண்டில் ஒன்று. உங்கட ஊரில் நிலவறையில் இடம் வாடகைக்கு விடுகிற ஒயின் கடைகளும் இருக்கலாம், விசாரித்துப் பாருங்கோ. அட்டைகளை அவிழ்க்க வேண்டாம், அந்தப் பென்சில் எழுத்து ஈரத்தில் அழியாமல் இருக்க மேலே மெல்லிய பொலித்தீன் சுற்றி விடுங்கோ.

வில்லியனூரான்:

தம்பி, வண்டியில் ஏற்றிப் போர்தோ கொண்டு வாருங்கள், இரண்டரை மணி நேரம்தான். எங்கள் நிலவறையில் வடக்குச் சுவர் ஓரம் இடம் இருக்கிறது, வருடம் முழுக்க 13 டிகிரிக்கு மேல் போனதில்லை. நண்பரையும் அழைத்து வாருங்கள், எங்கே வைக்கிறோம் என்று அவரும் பார்க்கட்டும். வெயில் ஏறும் முன் காலையிலேயே புறப்படுங்கள்.